40 நிமிடத்தில் 0.9 வோல்ட் ஏறியது. இது வைஃபை மின்சாரம்தானா?

வரவுசெலவு:

வணக்கம். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் இல்லை. கணக்கு எழுதுவது என் வேலை, இருபத்தாறு வருடமாக. கேள்வியில் அபத்தம் ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நோட்டில் குறித்துவைத்த எண்களில் தவறு இருக்காது, அதற்கு நான் பொறுப்பு.

என் அக்கா மகன் ஒரு வீடியோ காட்டினான். ஒரு செப்புக் கம்பி, சில டையோடுகள் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுமாம்), ஒரு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்குமாம்), அவ்வளவுதான். காற்றில் திரியும் வைஃபை, செல்போன் அலைகளைப் பிடித்து பல்பு எரிகிறதாம். "சித்தி, இனிமேல் கரண்ட் பில்லே வராது" என்றான். வராத செலவைப் பற்றி யாராவது பேசினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து செய்து பார்த்தோம்.

செய்தது இதுதான். அறையின் சுவரை ஒட்டி 6 மீட்டர் கம்பி. அதன் ஒரு முனை சும்மா தொங்குகிறது. மறு முனையில் இரண்டு டையோடுகள், 1என்4148 என்று மேலே அச்சிட்டிருக்கிறது. ஒன்று கம்பியிலிருந்து கெப்பாசிட்டரின் பிளஸ் பக்கம் போகிறது, இன்னொன்று மைனஸ் பக்கத்திலிருந்து கம்பிக்கு வருகிறது. கெப்பாசிட்டர் 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட். மைனஸ் பக்கத்தை இரும்புத் தண்ணீர்க் குழாயோடு இணைத்தோம். வைஃபை ரௌட்டர் அதே அறையில், கம்பியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கிறது.

கெப்பாசிட்டர் நல்லதா என்று பார்க்க முதலில் 9 வோல்ட் பேட்டரியில் ஏற்றினோம், பிறகு ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் தொட்டு காலி செய்தோம். மீட்டரில் பூஜ்யம். கம்பியை இணைத்துவிட்டு 40 நிமிடம் கழித்துப் பார்த்தால் 0.9 வோல்ட்! அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனோம். காலையில் 2.1 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.யைத் தொட்டதும் ஒரு தடவை பளிச்சென்று மின்னி அணைந்தது. பையன் குதித்த குதியில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

இரண்டு கேள்விகள். ஒன்று, இது நிஜமாகவே வைஃபையிலிருந்து வந்ததா? இரண்டு, இதுபோல் பத்துக் கம்பி, இருபது கம்பி கட்டினால் ஒரு ஃபோனாவது சார்ஜ் ஆகுமா?

அரைவாட்:

இரண்டாவது கேள்விக்கு நீங்களே கணக்குப் போட்டுவிடலாம் அக்கா. வோல்ட்டை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது பாத்திரத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதைச் சொல்லும், எவ்வளவு தண்ணீர் என்று சொல்லாது. கெப்பாசிட்டரில் இருக்கும் ஆற்றலுக்கு, வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, அதை ஃபாரட்டால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். 0.9 பெருக்கல் 0.9 பெருக்கல் 0.001, அதில் பாதி. 0.0004 ஜூல். அதைச் சேர்க்க 2400 நொடி ஆகியிருக்கிறது. வகுத்தால் சுமார் 0.17 மைக்ரோவாட்.

ஃபோன் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் சுமார் 19 வாட்-மணி. மிச்சத்தை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

வரவுசெலவு:

போட்டேன். மூன்று தடவை போட்டேன், சுழியங்களை விட்டுவிட்டேனோ என்று. 12,700 வருடத்துக்கு மேல் வருகிறது. இருபது கம்பி கட்டினால் 630 வருடம்.

சரி, ஃபோனை விட்டுவிடுவோம். முதல் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

பழஞ்சாலிடர்:

முப்பது வருடம் ரேடியோ பழுதுபார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன் அம்மா. உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஏனென்றால் என்ன டையோடு, எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்று யாரும் எழுதுவதில்லை. நீங்கள் எழுதியிருப்பதாலேயே துப்பறிய முடிகிறது.

என் சந்தேகம், உங்கள் கெப்பாசிட்டரில் வைஃபையின் பங்கு ஒரு துளிகூட இல்லை. காரணம் அந்த டையோடு. வைஃபை அலை நொடிக்கு 240 கோடி தடவை ஆடுகிறது. 1என்4148 ஒரு திசையில் ஓடிய மின்சாரத்தை நிறுத்தி மறுபக்கம் கதவைச் சாத்த சுமார் 4 நானோநொடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் வைஃபை அலை பத்துத் தடவை வந்து போய்விடும். கதவு சாத்துவதற்குள் வந்தவனும் போய்விட்டான், போனவனும் திரும்பி வந்துவிட்டான் என்கிற கதை. இதற்கென்றே ஷாட்கி வகையில் நுண்ணலை டையோடுகள் இருக்கின்றன. அவையே ஒரு மைக்ரோவாட்டுக்குக் கீழே போனால் வாங்கியதில் பெரும்பங்கை விழுங்கிவிட்டுத்தான் மிச்சத்தைக் கொடுக்கும்.

அப்படியென்றால் 0.9 வோல்ட் எங்கிருந்து வந்தது? என்னிடம் இரண்டு குற்றவாளிகள் இருக்கிறார்கள். பெயரை இப்போது சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் அதையே தேடுவீர்கள். மூன்று சோதனை செய்யுங்கள். ஒவ்வொன்றும் 40 நிமிடம்.

முதலில், கெப்பாசிட்டரை மறுபடி 9 வோல்ட்டில் ஏற்றி, ஒரு நொடி தொட்டுக் காலி செய்து, எதனோடும் இணைக்காமல் மேசைமேல் சும்மா வையுங்கள். அப்புறம், கெப்பாசிட்டரின் இரண்டு காலையும் ஒரு கம்பியால் கட்டி இரவு முழுக்க விட்டு, காலையில் உங்கள் சுற்றில் போட்டு, ரௌட்டரை அணைத்துவிட்டுப் பாருங்கள். கடைசியாக அதேபோல் இரவு கட்டிவைத்துவிட்டு, பகல் நேரத்தில் வீட்டின் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் பாருங்கள். மல்டிமீட்டர் தன் சொந்த பேட்டரியில்தானே ஓடுகிறது, பிரச்சினை இல்லை.

ஒரு எச்சரிக்கை. எர்த்துக்காக சுவரிலுள்ள பிளக்கின் ஓட்டையில் எதையும் செருகாதீர்கள். தண்ணீர்க் குழாய் போதும். கம்பியை வீட்டுக்கு வெளியே இழுத்தால் இடி மின்னல் நாளில் சுத்தமாகக் கழற்றிவிடுங்கள்.

ஏமாந்தவன்:

வீடியோ பற்றி ஒரு வார்த்தை. நானும் இப்படி ஒன்றைப் பார்த்து, "காற்றலை சார்ஜர்" என்று ஒரு டப்பாவை ஆன்லைனில் வாங்கினேன். எல்.இ.டி. எரிந்தது, நன்றாகவே எரிந்தது. ஒரு மாதம் கழித்து மங்கியது. காற்றலை தீர்ந்துவிட்டதா என்று திறந்து பார்த்தால் உள்ளே எபாக்சி பசையில் புதைத்த பட்டன் செல். விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை.

வீடியோக்களில் எல்லாம் அநேகமாக அதுதான். மேசைக்கடியில் ஒயர், இல்லையென்றால் பசைக்குள் பட்டன் செல்.

அரைவாட்:

பட்டன் செல் என்றதும் இன்னொரு கணக்கு தோன்றியது. சிஆர்2032 செல்லில் 225 மில்லி ஆம்பியர்-மணி, 3 வோல்ட். அதாவது 0.675 வாட்-மணி. அக்காவின் 0.17 மைக்ரோவாட் அதைச் சேர்க்க சுமார் 450 வருடம் ஆகும். ஏமாந்தவன் ஐயாவை ஏமாற்றியவர் உண்மையில் நாலரை நூற்றாண்டு உழைப்பை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்!

வரவுசெலவு:

மூன்றும் செய்துவிட்டேன். வரிசையாக எழுதுகிறேன்.

மேசைமேல் தனியாக வைத்த கெப்பாசிட்டர்: 40 நிமிடத்தில் 0.31 வோல்ட். எதனோடும் இணைக்கவில்லை. பையனைச் சந்தேகப்பட்டேன், ஆனால் அவன் அப்போது வீட்டிலேயே இல்லை. இது எனக்குக் கொஞ்சம் அமானுஷ்யமாகத்தான் இருந்தது.

ரௌட்டரை அணைத்து: 0.62 வோல்ட். சந்தேகம் வந்து மறுநாள் ரௌட்டரைப் போட்டும் செய்தேன், கெப்பாசிட்டரை அதேபோல் இரவு கட்டிவைத்துவிட்டு. 0.61. போட்டாலும் அணைத்தாலும் ஒன்றுதான்.

மெயினை அணைத்து: 0.03 வோல்ட்.

என்றால் நான் சேர்த்தது வீட்டு மின்சாரத்தையேவா? என் பணப்பையிலிருந்து எடுத்து என் உண்டியலில் போட்டிருக்கிறேனா?

பழஞ்சாலிடர்:

அதேதான் அம்மா. உண்டியல் உவமையை இனி நானும் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் குற்றவாளி கெப்பாசிட்டரேதான். உங்களுடையதைப் போன்ற எலக்ட்ரோலிடிக் வகையை ஏதாவது ஒரு வோல்ட் அளவுக்கு ஏற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, ஒரு நொடி மட்டும் தொட்டு விட்டால் முழுசாகக் காலியாகாது. உள்ளே இருக்கும் காப்புப் பொருள் கொஞ்சம் மின்னூட்டத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பிறகு மெதுவாகத் திருப்பிக் கொடுக்கும். பிழிந்த பஞ்சைத் தட்டில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தட்டு ஈரமாவதைப்போல. முதலில் ஏற்றிய வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரைகூட இப்படித் தானாக ஏறும். பெரிய கெப்பாசிட்டர்களைக் காலில் கம்பி கட்டியே விற்பதும் அனுப்புவதும் இதனால்தான். உங்கள் 0.9இல் 0.3 இவருடைய வேலை.

இரண்டாவது ஆள், சுவருக்குள் ஓடும் ஒயர். உங்கள் 6 மீட்டர் கம்பி அதை ஒட்டி ஓடுகிறது. நடுவில் சுவர்ப் பூச்சு. இரண்டு உலோகம், நடுவே காப்பு, அதுவே ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். 20 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாக சுமார் 1.4 மைக்ரோ ஆம்பியர் கசியும். டையோடு அதில் பாதியை வெட்டிவிடும். கெப்பாசிட்டருக்குள்ளேயே ஒழுகுவது போக மிச்சம் என்று பார்த்தால் உங்கள் எண் ஒத்து வருகிறது. நொடிக்கு 50 தடவை ஆடும் மின்சாரத்துக்கு 1என்4148 தாராளமான டையோடு. நிதானமாகக் கதவைத் திறந்து மூடலாம்.

அந்த மின்சாரமும் உங்கள் வீட்டு கரண்ட் மீட்டர் வழியாக வந்ததுதான். அந்த மீட்டர் கண்ணில் படாத அளவு சின்னது, அவ்வளவே.

இதைப் படித்துவிட்டு யாராவது உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே கம்பி கட்டப் போக வேண்டாம். அதற்குக் கீழே குழல்விளக்கைப் பிடித்தால் ஒயர் இல்லாமலே மினுங்கும் என்பது உண்மை. அங்கே கம்பியோடு போனவர்கள் செத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை.

அரைவாட்:

சரி, நல்ல நுண்ணலை டையோடு போட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய ஆன்டெனாவும் போட்டால்? அதையும் பார்த்துவிடுவோம், பாதியில் விட மனசு கேட்கவில்லை.

ரௌட்டர் வெளியே விடுவது 100 மில்லிவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எல்லாப் பக்கமும் பரவுகிறது. 5 மீட்டர் தள்ளிப் போனால் அந்த 100 மில்லிவாட் 314 சதுர மீட்டர் கோளப்பரப்பில் பூசப்பட்டிருக்கும். அந்த அலைவரிசையில் ஒரு சாதாரண டைபோல் ஆன்டெனா சுமார் 20 சதுர சென்டிமீட்டர் பரப்பில் விழுவதைத்தான் பிடிக்கும். ஆக 0.6 மைக்ரோவாட். அதுவும் ரௌட்டர் இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்தால். யாரும் எதையும் டவுன்லோட் செய்யாதபோது அது நொடிக்குப் பத்துத் தடவை "நான் இருக்கிறேன்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் பெரும்பாலும் சும்மா இருக்கும். டையோடு விழுங்குவதும் போனால் கையில் நிற்பது 0.1 மைக்ரோவாட்டுக்குக் கீழே.

சரி, அறை முழுக்க ஆன்டெனா ஒட்டிக் கடைசிச் சொட்டு வரை பிடித்துவிட்டீர்கள் என்றே வைப்போம். அப்போதும் கிடைப்பது அதே 100 மில்லிவாட்தான். அதை வெளியே விடுவதற்கு ரௌட்டர் சுவரிலிருந்து பல வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது. மறுபடி உண்டியல்.

தூரத்து அலை:

இவ்வளவு பேசிவிட்டு, காற்றலையில் ஒன்றுமே கிடைக்காது என்று முடித்தால் அநியாயம். கிடைக்கும். இடம்தான் முக்கியம்.

2009இல் சியாட்டிலில் அலான்சன் சாம்பிள், ஜோஷுவா ஸ்மித் என்ற இருவர் ஒரு டிவி கோபுரத்தைப் பார்த்து ஆன்டெனா வைத்தார்கள். 4.1 கிலோமீட்டர் தூரம். கோபுரத்தின் வலு 960 கிலோவாட் என்ற கணக்கு. கிடைத்தது 60 மைக்ரோவாட். அதில் ஒரு சின்ன வெப்பநிலை, ஈரப்பத மீட்டர் அதன் திரையோடு ஓடியது. வழக்கமாக அது ஒரு 1.5 வோல்ட் பேட்டரியில் ஓடும் சாமான். யோசித்துப் பாருங்கள், ஏறக்குறைய பத்து லட்சம் வாட் வலுவோடு ஒரு கோபுரம் கத்துகிறது, எதிரே உட்கார்ந்தவருக்கு ஒரு வெப்பமானி கிடைக்கிறது.

செல்போன் கோபுரம் என்றால், லண்டனில் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் சுரங்க ரயில் நிலையங்களின் வாசலில் எல்லாம் போய் அளந்து 2013இல் வெளியிட்டார்கள். செல்போன் அலைகள்தான் முன்னணியில் இருந்தன. ஆனால் அவையும் சராசரியாக சதுர சென்டிமீட்டருக்கு 100 நானோவாட்டைத் தொடவில்லை. வைஃபை அதற்கும் வெகு கீழே. கால்குலேட்டரில் இருக்கும் சின்ன சோலார் துண்டு அறை விளக்கு வெளிச்சத்திலேயே இதைப் பல மடங்கு தாண்டிவிடும். வெயிலோடு ஒப்பிடவே வேண்டாம்.

வேண்டுமென்றே நம்மை நோக்கி அலை அனுப்பினால் அது வேறு கதை. மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்கு 1945இல் ஒரு மரச் சின்னத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவி, தெரெமின் என்ற ரஷ்யக் கண்டுபிடிப்பாளர் வடிவமைத்தது. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சும்போது மட்டும் உயிர் வரும். 1952 வரை கண்டுபிடிக்கவே இல்லை. துணிக்கடை சீட்டில் ஒட்டியிருக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. வில்லையும் அந்தக் குடும்பம்தான், வாசிக்கும் கருவிதான் அதற்குச் சோறு போடுகிறது.

பழஞ்சாலிடர்:

அக்கா மகனின் முகம் வாடியிருக்குமே, அதற்கு ஒரு வழி சொல்கிறேன்.

மீடியம் வேவ் நிலையம் பக்கத்தில் இருந்தால் கிரிஸ்டல் ரேடியோ செய்யலாம். அதே 6 மீட்டர் கம்பியை வெளியே நீட்டி, ஒரு சுருள், ஒரு ஜெர்மானியம் டையோடு, அதிக ஓம் உள்ள பழைய இயர்ஃபோன். பேட்டரியே இல்லாமல் பாட்டுக் கேட்கும். என் வாத்தியார் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சுற்று அது. காது மைக்ரோவாட்டுக்கும் கீழே கேட்கும், எல்.இ.டி.தான் பெருந்தீனிக்காரன்.

நிலையம் இல்லையென்றால், என்.எஃப்.சி. (கருவியில் ஃபோனைத் தொட்டுப் பணம் கட்டும் வசதி) உள்ள ஃபோன் ஒன்று எடுங்கள். மெல்லிய எனாமல் கம்பியில் நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் ஐந்து சுற்று. முனைகளைச் சுரண்டி இரண்டுக்கும் நடுவே ஒரு சிவப்பு எல்.இ.டி. திரை திறந்திருக்கும்போது ஃபோனின் முதுகில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள்.

வரவுசெலவு:

எரிந்தது! விட்டு விட்டு மின்னுகிறது, கேமராவுக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் மட்டும். திரை அணைந்ததும் அதுவும் அணைகிறது.

பையன் உடனே "பார்த்தீர்களா சித்தி, காற்றிலிருந்துதானே" என்று ஆரம்பித்தான். நோட்டைத் திறந்து இரண்டு பத்தி போட்டேன். எல்.இ.டி.க்கு வரவு. எதிர்ப்பக்கம், ஃபோன் பேட்டரிக்குச் செலவு, என்.எஃப்.சி. வகையில். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ ஃபோனை எது சார்ஜ் பண்ணுது" என்று கேட்டு, அவனே சுவரைப் பார்த்தான்.

இன்னொன்று கேட்க வேண்டும். சுருளைப் படுக்க வைத்தால் எரிகிறது, நிமிர்த்திப் பிடித்தால் அதே இடத்தில் அணைந்துவிடுகிறது. தூரம் மாறவில்லையே?

பழஞ்சாலிடர்:

ஃபோனிலிருந்து கிளம்பும் காந்தப் புலம் அந்த இடத்தில் அதன் முதுகிலிருந்து நேராக மேலே வருகிறது. சுருள் படுத்திருந்தால் வளையத்துக்குள் புகுந்து போகும். நிமிர்த்தினால் வளையத்தை உரசிக்கொண்டு போய்விடும், உள்ளே ஒன்றும் நுழையாது. மழையில் வாளியைச் சாய்த்துப் பிடிப்பது போல.

வெளிச்சம் போதவில்லையென்றால் ஒவ்வொரு சுற்றாகக் கூட்டிப் பாருங்கள். எத்தனை சுற்றில் நன்றாக எரிகிறது என்று இங்கே எழுதுங்கள். எனாமல் கம்பி தீர்ந்தால் சுவரில் ஆறு மீட்டர் சும்மாதானே தொங்குகிறது.